மாஸ்டர் பக்கத்துல இருந்தா ஓடுற வண்டி, இன்ஸ்பெக்டர் ஏறினா நிக்குது. லைசென்ஸ் டெஸ்ட் பயம் போக வழி சொல்லுங்க

நொய்யல்கரை (செவ்வாய், இரவு 10.40)

வணக்கமுங்க. பாதி கேள்வி, பாதி புலம்பல். பொறுத்துக்கோங்க.

எனக்கு வயசு 43. வீட்டுல பழைய ஆல்டோ ஒண்ணு நிக்குது. வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், பகல்ல தூங்கியாகணும். மாமியாருக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். ஆட்டோவுக்குக் கொடுத்தே கை காலியாகுது. சரி, நாமளே பழகிடலாம்னு எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) போட்டேன்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கூட 22 நாள் ஓட்டினேனுங்க. அவினாசி ரோட்டுல லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல போயிருக்கேன். சந்தை நாள்ல தக்காளிக் கூடைக்கு நடுவுல வளைச்சு எடுத்திருக்கேன். மாஸ்டர் போன்ல பேசிட்டே வருவாரு, என்னைப் பார்க்கக்கூட மாட்டாரு. அந்தளவுக்கு ஓட்டினேன்.

முதல் டெஸ்ட் அன்னிக்கு இன்ஸ்பெக்டர் ஏறி கதவைச் சாத்தினாரு பாருங்க, அந்தச் சத்தத்தோட என் இடது கால் ஆட ஆரம்பிச்சுது. தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி. மூணு தடவை வண்டி ஆஃப். “அடுத்த வாரம் வாங்கம்மா”ன்னுட்டாரு.

ரெண்டாவது தடவை, கால் ஆடக்கூடாது, கால் ஆடக்கூடாதுன்னு காலையே நெனச்சுட்டு இருந்தேன். ஹேண்ட்பிரேக்கை எடுக்கவே இல்ல. வண்டி முக்குது, நகர மாட்டேங்குது. பின்னாடி வரிசையில நின்ன காலேஜ் பசங்க சிரிச்சது கண்ணாடியில தெரிஞ்சுது.

எல்.எல்.ஆர் முடிய இன்னும் 38 நாள்தான். மூணாவது தடவையும் போச்சுன்னா 60 நாள் காத்திருக்கணுமாமே? இதை டைப் பண்ணும்போதே உள்ளங்கை ஈரமா இருக்கு. எனக்கு ஓட்டத் தெரியுது, டெஸ்ட் குடுக்கத் தெரியல. என்னங்க பண்றது?

இருபது ரூபா டீ (செவ்வாய், இரவு 10.52)

அக்கா, இதுக்கா இவ்ளோ டென்ஷன்? ஸ்கூல்ல சொல்லி “பார்த்துக்கோங்க”ன்னா முடிஞ்சது. எங்க ஊர்ல நான் வண்டியில ஏறி இறங்கினேன், அவ்ளோதான் டெஸ்ட்.

பழைய அம்பாசடர் (செவ்வாய், இரவு 11.15)

ஏறி இறங்கினதுக்கு லைசென்ஸ் வாங்கின தம்பி, நீங்க எந்த ஊர்னு சொன்னா அந்தப் பக்கம் நான் நடந்துகூட வரமாட்டேன்.

நொய்யல்கரை தாயி, நான் 31 வருசம் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். மனசைப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்ல மூணு கேள்வி. பழகின வண்டியும் டெஸ்ட் குடுத்த வண்டியும் ஒண்ணா? கால்ல என்ன போட்டிருந்தீங்க? ஏறி உக்காந்ததும் சீட்டை இழுத்தீங்களா, இல்ல இருந்தபடியே எடுத்தீங்களா?

மட்டுறுத்துனர் (புதன், காலை 6.30)

பணம் கொடுத்துத் தேர்வு பெறும் வழியைச் சொன்ன 2 பதிவுகள் நீக்கப்பட்டன. முதலில் வந்த ஒன்று, அதற்கான பதிலோடு சேர்த்துப் படித்தால் பயன் உண்டு என்பதால் விடப்பட்டிருக்கிறது. தொடருங்கள்.

நொய்யல்கரை (புதன், காலை 7.05)

ஐயா, கரெக்டா புடிச்சீங்க. பழகினது ஒரு வண்டி, டெஸ்ட் அன்னிக்கு ஸ்கூல்ல வேற வண்டி குடுத்தாங்க. அதோட கிளட்ச் இன்னும் மேல வந்துதான் புடிக்குது.

கால்ல புது செருப்பு. நல்ல காரியத்துக்குப் போறோம்னு வாங்கினது, கொஞ்சம் குதி இருக்கும்.

சீட்டை இழுக்கலீங்க. எனக்கு முன்னாடி ஆறடிப் பையன் ஒருத்தன் ஓட்டிட்டு இறங்கினான். அதே சீட்டுல நுனியில உக்காந்து கால் எட்டி மிதிச்சேன். இன்ஸ்பெக்டர் கையில பேப்பரை வெச்சுட்டுக் காத்திருக்காரு, இன்னும் நாப்பது பேர் நிக்கறாங்க, நான் சீட்டை முன்ன பின்ன தள்ளிட்டிருந்தா என்ன நெனைப்பாருன்னு வெக்கமா இருந்துது.

பழைய அம்பாசடர் (புதன், காலை 9.20)

பார்த்தீங்களா. ரெண்டு தடவை ஃபெயிலானது ஓட்டத் தெரியாம இல்ல. வெக்கத்துல.

கால் ஏன் ஆடுதுன்னு சொல்றேன். சீட் பின்னால இருந்தா கிளட்ச்சை முழுசா மிதிக்க முட்டி நேரா நீளும். கடைசி ரெண்டு அங்குலம் விரல் நுனியிலதான் நிக்கும். குதிகால் அந்தரத்துல. அந்த நிலையில பாதிக் கிளட்ச் புடிச்சு நிறுத்தினா யார் காலும் ஆடும், என் காலும் ஆடும். அதுக்கு மேல பதட்டம் வேற சேர்ந்தா கேக்கவே வேணாம். நீங்க அதைப் பயம்னு நெனச்சுட்டீங்க. பாதி பயம், பாதி சீட்டு.

அளவு இதுதான். கிளட்ச்சை அடிமட்டம் வரை மிதிச்சா முட்டி இன்னும் லேசா மடங்கி இருக்கணும். குதிகால் தரையில ஊன்றணும், பாதம் மட்டும் ஏறி இறங்கணும். தட்டையான, ரப்பர் அடி உள்ள பழைய செருப்பு போதும். ஆடுதுன்னா பாதியில நின்னு போராடாதீங்க, முழுசா ஒரு மிதி மிதிச்சு திரும்ப மெதுவா விடுங்க. ஆட்டம் தன்னால அடங்கும்.

இன்னொண்ணு. வேற வண்டின்னா அதோட கிளட்ச் எங்க புடிக்குதுன்னு தெரியாமத்தான் ஆஃப் ஆகுது. டெஸ்ட்டுக்கு முன்னாடி அந்த வண்டியில அஞ்சு நிமிசம் கேட்டு வாங்குங்க. சமதரையில ஆக்சிலேட்டர் தொடாம, கிளட்ச்சை மட்டும் விட்டு வண்டியை ஊர விடுங்க. அஞ்சாறு தடவை. மூக்கு லேசா தூக்கி எஞ்சின் சத்தம் கனக்கும் பாருங்க, அதுதான் இடம். அதைக் காலுக்குச் சொல்லிக் குடுத்துட்டா போதும், மூளைக்கு வேலை இல்ல.

பஸ்ல டூட்டி மாத்தும்போது உள்ள நூறு சனம் இருக்கும். கண்டக்டர் விசில் ஊதுவான், பின்னால நிக்கிறவன் ஹாரன் அடிப்பான். சீட்டையும் கண்ணாடியையும் என் உடம்புக்கு மாத்தாம நான் ஒரு நாளும் எடுத்ததில்ல. காத்திருக்கிறவன் காத்திருக்கட்டும்.

இது அதிகப்பிரசங்கமும் இல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 15-ம் விதியை எடுத்துப் பாருங்க. டெஸ்ட்ல என்னென்ன செஞ்சு காட்டணும்னு பட்டியலே இருக்கு. பின்னால பார்க்கிற கண்ணாடியைச் சரி பண்றதும், எஞ்சின் போடுறதுக்கு முன்னால எடுக்கிற ஜாக்கிரதையும் அதுல உண்டு. நீங்க வெக்கப்பட்டு விட்டீங்க பாருங்க, அதுவே டெஸ்ட்டோட பகுதிதான் தாயி.

எட்டுக்கால் பூச்சி (புதன், மதியம் 1.10)

பெரியவர் சொன்னது பைக்குக்கும் பொருந்தும். நான் எட்டு போடும்போது ரெண்டு தடவை கால் ஊனி ஃபெயில். மூணாவது தடவை ஒரு அண்ணன் சொன்னாரு: “கோட்டைப் பார்க்காதே, அடுத்த வளைவைப் பாரு. கண்ணு எங்கயோ வண்டி அங்க.” பின் பிரேக்கை லேசா தொட்டபடியே, ஒரே சீரா ஆக்சிலேட்டர். முடிஞ்சுது.

அப்புறம் அக்கா, வரிசையில நிக்கும்போது மத்தவங்க கதையைக் கேக்காதீங்க. “அந்த இன்ஸ்பெக்டர் பொல்லாதவர், நேத்து 12 பேரைத் திருப்பி அனுப்பிட்டாரு”ன்னு ஒருத்தன் கண்டிப்பா வருவான். எல்லா வரிசையிலயும் அவன் இருப்பான். தள்ளி மரத்தடியில போய் நில்லுங்க.

வடலி (புதன், இரவு 11.30)

அக்கா, லண்டனில இருந்து எழுதுறன். உங்கட பதிவைப் பாத்ததும் என்ர கதையைப் பாத்த மாதிரிக் கிடந்தது. நான் மூண்டு தரம் ஃபெயில், நாலாம் தரம் பாஸ்.

இஞ்ச டெஸ்ட் கிட்டத்தட்ட 40 நிமிசம். தொடங்க முதல் 20 மீட்டர் தூரத்தில நிக்கிற காரின்ர நம்பரை வாசிச்சுக் காட்டோணும். எக்ஸாமினர் பக்கத்தில இருந்து “அடுத்த இடது”, “முன்னுக்கு இருக்கிற சந்தியில வலது” எண்டு மட்டும் சொல்லுவார். வேற ஒண்டும் கதைக்கமாட்டார். சிரிக்கவும் மாட்டார், முகத்தைச் சுளிக்கவும் மாட்டார். எங்கட ஆக்களுக்கு அந்த மௌனந்தான் விளங்காது. ஒராள் பக்கத்தில இருந்து கதைக்கேல்லை எண்டால் கோவமா இருக்கிறார் எண்டுதானே நாங்கள் வளந்தது!

என்ர மூண்டாம் டெஸ்டில, ரவுண்டபவுட்டில சிக்னல் கொஞ்சம் பிந்திப் போட்டன். அவர் டாப்லெட்டில எதையோ தட்டினார். அவ்வளவுதான், “போச்சு, இதுவும் ஃபெயில்” எண்டு மனசுக்குள்ள அழத் தொடங்கிட்டன். அந்த யோசனையில அடுத்த சந்தியில பாதசாரி ஒருத்தர் இறங்கினதைக் காணேல்லை. எக்ஸாமினர்தான் பிரேக் பிடிச்சார். அதுதான் ஃபெயில். முடிய ரிசல்ட்டைப் பாத்தால், சிக்னல் பிந்தினது வெறும் மைனர், சின்னப் பிழை! இஞ்ச 15 மைனர் வரைக்கும் விடுவினம். அதை ஆயிரம் தரம் வாசிச்சிருந்தும் அந்த நேரம் ஞாபகம் வரேல்லை.

நாலாம் தரம் போகேக்க எனக்கு நானே ஒண்டு சொல்லிக்கொண்டன்: மாக் போடுறது அவற்ர வேலை, ஓடுறது என்ர வேலை. அவர் டாப்லெட்டில தட்டினால் சாப்பாட்டுக்கு ஓடர் குடுக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டன். அண்டைக்கு ஒருக்கால் வண்டி நிண்டும் போச்சுது. கியரை நியூட்ரலுக்கு எடுத்து, திரும்ப ஸ்டார்ட் பண்ணி, கண்ணாடியைப் பாத்து எடுத்தன். ஒருக்கால் வேற ரோட்டுக்குள்ளயும் திரும்பிட்டன். பாதுகாப்பாத் திரும்பினால் பாதை பிழைக்கிறது பிழையே இல்லையாம். பாஸ்.

பெரிய விசயம் ஒண்டு: டெஸ்ட் நாளை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. முதல் மூண்டு தரமும் எங்கட குடும்ப வாட்ஸப் குழுவில எல்லாருக்கும் தெரியும். கனடாவில இருந்து பெரியம்மா விடிய எழும்பி நேர்த்தி வைச்சவ. ஓடேக்க எனக்குப் பக்கத்தில எக்ஸாமினர், பின் சீட்டில பெரியம்மா, மாமா, முழுக் குடும்பமும் இருக்கிற மாதிரி. நாலாம் தரம் வேலைக்குப் போறன் எண்டுட்டுத்தான் போனனான்.

நொய்யல்கரை (வியாழன், காலை 6.50)

வடலி, சாப்பாட்டுக்கு ஓடர் படிச்சுட்டு காலங்காத்தால தனியா சிரிச்சேன், மாமியார் என்னாச்சுன்னு எட்டிப் பார்த்தாங்க.

யாருக்கும் சொல்லாம இருக்கணுங்கறது எனக்கு லேட்டு. எங்க வீதி முழுக்கத் தெரியும். மளிகைக்கடை அண்ணன் “என்னம்மா, லைசென்ஸ் வந்துருச்சா”ன்னு கேக்காம தேங்காய் எடுத்துக் குடுக்க மாட்டாரு.

இன்னொரு சந்தேகம். சித்தப்பா பையன் ஒரு மாத்திரை பேர் சொன்னான். முன்னாடி அரை மணிக்குப் போட்டா நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம் எதுவும் இருக்காதாம். மேடையில பாடறவங்ககூடப் போடுவாங்களாம். போடலாமா?

மாத்திரை டப்பா (வியாழன், காலை 8.40)

நான் மருந்துக்கடை வெச்சிருக்கேன், அதனால் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அவர் சொன்னது பெரும்பாலும் ப்ரோப்ரனோலால் ஆக இருக்கும். அது ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு சம்பந்தப்பட்ட மருந்து. துடிப்பைக் குறைக்கும், நடுக்கத்தையும் குறைக்கும், உண்மைதான். ஆனால் ஆஸ்துமா இருப்பவர்கள் போட்டால் மூச்சுக்குழாய் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். சிலருக்குத் தலைசுற்றல், துடிப்பு அளவுக்கு மீறிக் குறைதல் எல்லாம் வரும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையே அது மறைத்துவிடும். டாக்டர் உங்களைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை. சித்தப்பா பையன் டாக்டர் இல்லை.

தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம் வகையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கை நடுங்காது, ஆனால் பிரேக் மிதிக்க வேண்டிய நேரத்தில் கால் போகாது. அது டெஸ்ட்டில் மட்டுமல்ல, ரோட்டிலேயே ஆபத்து. முந்தின நாள் சளி என்று செட்ரிசின் போட்டுவிட்டுக் காலையில் மந்தமாகப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

காலையில் ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் மூன்று காபி குடித்துவிட்டுக் கை நடுங்குது என்றால் அது காபி நடுங்குவது.

மனசு படிக்கிறவள் (வியாழன், மதியம் 2.25)

உளவியல் முதுகலை மாணவி நான். நொய்யல்கரை அக்கா ரெண்டாவது டெஸ்ட் பற்றிச் சொன்ன ஒரு வரியிலேயே எல்லாம் இருக்கு: “காலையே நெனச்சுட்டு இருந்தேன்.” பழகின வேலையை உடம்பு தானா செய்யும். அதை நாம உட்கார்ந்து ஒவ்வொரு அசைவா கவனிக்க ஆரம்பிச்சா தடுமாறும். மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால் முன்னாடின்னு யோசிச்சுப் பாருங்க, விழத் தோணும்.

2001ல பெய்லாக், கார்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கோல்ஃப் பந்தைக் குழிக்குள்ள தட்டறதை வெச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரு கூட்டத்துக்குச் சாதாரணப் பயிற்சி. ஒரு கூட்டத்துக்குக் கவனத்தைத் திருப்பற மாதிரி காதுல வார்த்தைகளைப் போட்டுக்கிட்டே பயிற்சி. மூணாவது கூட்டத்தை வீடியோ கேமரா முன்னாடி நிறுத்தி, விவரம் தெரிஞ்சவங்க இதைப் பார்ப்பாங்கன்னு சொல்லிப் பயிற்சி. கடைசியில எல்லாருக்கும் நெருக்கடி கொடுத்து ஆட வெச்சப்ப, முதல் ரெண்டு கூட்டமும் தடுமாறினாங்க. கேமராவுக்கு முன்னாடி பழகினவங்க தடுமாறல.

பழைய அம்பாசடர் (வியாழன், மதியம் 3.00)

பேரே காரு, ஆராய்ச்சி பண்ணினது பந்துல. நல்லாருக்கும்மா. தாயிக்கு இதுல என்ன?

மனசு படிக்கிறவள் (வியாழன், மதியம் 3.20)

இருக்கு தாத்தா. அக்கா 22 நாள் ஓட்டினது யாரும் பார்க்காதப்ப. மாஸ்டர் போன் பேசிட்டு வந்தாருன்னு அவங்களே சொல்றாங்க. அதுதான் அவங்களுக்குப் பெருமையாத் தெரிஞ்சுது, அதுதான் வினையும்கூட. பார்க்கிற கண்ணு இருக்கும்போது ஓட்டி அவங்களுக்குப் பழக்கமே இல்ல.

அக்கா, இந்த வாரம் ஒவ்வொரு நாளும் யாரையாவது உட்கார வெச்சு ஓட்டுங்க. பேசாம, கையில நோட்டும் பேனாவும் வெச்சுக்கிட்டு, அப்பப்ப எதையாவது கிறுக்கச் சொல்லுங்க. போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. முதல் நாள் கேவலமா ஓட்டுவீங்க. நாலாவது நாள் அந்தக் கண்ணு பழகிடும்.

பயம் வரவே கூடாதுன்னு மட்டும் முயற்சி பண்ணாதீங்க, அது கூடும். நெஞ்சு அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும், அது அடிச்சபடியே கிளட்ச் விடலாம். மூச்சு மட்டும் ஒண்ணு: இழுக்கிறதைவிட விடறது நீளமா இருக்கட்டும். நாலு எண்ணி இழுத்தா ஆறு எண்ணி விடுங்க. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தானா இறங்கும்.

பழைய அம்பாசடர் (வியாழன், மாலை 5.45)

சரி, ஒத்துக்கறேன். புதுசா வர்ற டிரைவருங்க பக்கத்துல ஆள் இருந்தா தடுமாறுவாங்க, ரெண்டு வாரம் பின்னால டெப்போ ஆளை ஏத்திவிட்டா சரியாப் போகும். அதைத்தான் நீ பந்துன்னு சொல்ற.

மூச்சு விசயத்துல நான் கண்டது ஒண்ணு. பதட்டக்காரங்க எல்லாரும் கிளட்ச் விடும்போது மூச்சைப் புடிச்சு வெச்சிருப்பாங்க. வண்டி குதிக்கும். கிளட்ச்சை விடும்போது மூச்சையும் கூடவே விடுங்க. எண்ணிக்கை வேணாம், ரெண்டும் ஒண்ணா இறங்கட்டும்.

தாயி, எல்.எல்.ஆர் கணக்கையும் போட்டுப் பார்த்துருவோம், இருட்டுல பேயைப் பார்க்க வேணாம். மூணு தடவை போனா 60 நாள் விடணும், சட்டம் அப்படித்தான். உங்க எல்.எல்.ஆர் அதுக்குள்ள முடிஞ்சுரும். புதுசு போட 150, அதுக்கான தேர்வுக்கு 50, திரும்ப ஓட்டிக் காட்ட 300. ஆக 500 ரூவா, சேவைக் கட்டணம் கொஞ்சம் முன்னப் பின்ன. இவ்வளவுதான் நஷ்டம். நீங்க என்னமோ தாலிக்கொடியைப் பணயம் வெச்ச மாதிரி ஏறுறீங்க.

இருபது ரூபா டீ (வியாழன், இரவு 9.15)

பெருசு, முந்தாநாள் நீங்க திட்டினதுல ரோசம் வந்து இன்னிக்கு மாமா காரை எடுத்துப் பார்த்தேன். ரிவர்ஸ் வரல. சொல்லிக் குடுக்கறீங்களா?

பழைய அம்பாசடர் (வியாழன், இரவு 9.40)

தனி இழை போடு. மாமாவைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டுப் போடு.

நொய்யல்கரை (ஞாயிறு, இரவு 9.10)

நாலு நாள் ரிப்போர்ட்டுங்க.

வியாழக்கிழமை சாயந்திரம் வீட்டுக்காரர் இடது பக்கம், மாமியார் பின் சீட்டு. எங்க பாப்பாவோட பழைய ரஃப் நோட்டை மாமியார் கையில குடுத்து, “நீங்கதான் இன்ஸ்பெக்டர், பேசக்கூடாது”ன்னேன். அவங்க இன்ஸ்பெக்டராவே மாறிட்டாங்க. முதல் நாள் தெரு முனை தாண்டறதுக்குள்ள ரெண்டு தடவை ஆஃப். பின்னாடி “ம்ம்”னு ஒரு சத்தம், பேனா கீச்சுனு ஓடுது. எனக்கு வேர்த்துக் கொட்டுது. இறங்கி நோட்டை வாங்கிப் பார்த்தா ஒரு பக்கம் முழுக்க முருகா முருகான்னு எழுதி வெச்சிருக்காங்க.

வெள்ளி கொஞ்சம் பரவால்ல. சனிக்கிழமை மளிகைக்கடை அண்ணனையே ஏத்திட்டேன். அவரு பேசாம வருவாரா? அரிசி விலையில ஆரம்பிச்சு அவங்க மச்சான் ஆக்சிடென்ட் வரைக்கும் சொன்னாரு. வண்டி ஒரு தடவைகூட நிக்கல. இன்னிக்கு வீடியோ எடுத்தாங்க, அதுல ஒண்ணு கண்டேன்: கிளட்ச் விடும்போதெல்லாம் என் தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறுது. ஐயா சொன்ன மூச்சு அங்கதான் மாட்டிட்டு இருந்திருக்குது. இறக்கி விட்டேன்.

புதன்கிழமைக்கு ஸ்லாட் போட்டிருக்கேன். வீதியில வெள்ளிக்கிழமைன்னு சொல்லி வெச்சிருக்கேன், வடலி.

வடலி (ஞாயிறு, இரவு 11.55)

முருகா முருகா எண்டு எழுதின இன்ஸ்பெக்டரை எனக்கும் ஒருக்கால் அனுப்பி விடுங்கோ!

நொய்யல்கரை (புதன், மதியம் 12.20)

சர்வர் வேலை செய்யலையாம். ரெண்டே முக்கால் மணி நேரம் வெயில்ல நின்னு, நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. பயந்து பயந்து களைச்சுப்போயிட்டேன், இப்பப் பசிதான் இருக்குது.

எட்டுக்கால் பூச்சி (புதன், மதியம் 12.45)

நல்ல சகுனம் அக்கா. பயத்தோட சார்ஜ் இறங்கிருக்கும்.

நொய்யல்கரை (வியாழன், இரவு 8.30)

சாவகாசமா எழுதறேன், அவசரப்படாதீங்க.

காலையில ரெண்டு இட்லி, ஒரே ஒரு காபி. பழைய ரப்பர் செருப்பு. ஸ்கூல்ல சண்டை போட்டு நான் பழகின வண்டியையே கொண்டுவர வெச்சேன், அஞ்சு நிமிசம் ஓரமா ஊர விட்டும் பார்த்தேன். வரிசையில அந்த “பொல்லாதவர்” கதை சொல்ற பையன் நிசமாவே இருந்தான்! மரத்தடிக்குப் போயிட்டேன்.

எனக்கு முன்னாடி ஓட்டினது இந்தத் தடவையும் ஒரு நெட்டைப் பையன். ஏறினேன். இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினாரு, அதே சத்தம். நெஞ்சு அடிச்சுது, பொய் சொல்லல. சீட்டை இழுத்தேன். ஒரு தடவையில லாக் ஆகல, திரும்ப இழுத்தேன். “சீக்கிரம்மா”ன்னாரு. “ஒரு நிமிசம் சார், கால் எட்டணும்”னேன். என் வாயிலயா அது வந்துதுன்னு எனக்கே ஆச்சரியம். அவரு ஒண்ணும் சொல்லல, சன்னல் பக்கம் திரும்பிட்டாரு. அப்புறம் கண்ணாடி, பெல்ட், நியூட்ரல் பார்த்து ஸ்டார்ட், ஹேண்ட்பிரேக். மூச்சை விட்டேன், கிளட்ச்சும் வந்துது.

திருப்பத்துல ஒரு நாய் குறுக்க வந்து பிரேக் மிதிச்சேன், கிளட்ச் மிதிக்க மறந்து வண்டி ஆஃப். பழைய நானா இருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். வடலி சொன்னதுதான்: நியூட்ரல், ஸ்டார்ட், கண்ணாடி, கிளம்பு. அவரு பேப்பர்ல என்னமோ எழுதினாரு. முருகான்னு எழுதறாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னாரு, எடுத்தேன். “இறங்குங்க”ன்னாரு. பாஸா ஃபெயிலான்னு ஒரு வார்த்தை இல்ல. கேக்கறதுக்குள்ள அடுத்த ஆள் ஏறியாச்சு. வீட்டுக்கு வந்து துணி துவைச்சேன், சமைச்சேன். சாயந்திரம் நாலரைக்குத்தான் போன்ல மெசேஜ் வந்துது. பாஸ்.

மாமியார் கேட்ட முதல் கேள்வி: “அந்த ஆளு நோட்டுல என்ன எழுதினாருன்னு பார்த்தியா?”

பழைய அம்பாசடர் (வியாழன், இரவு 9.05)

சந்தோசம் தாயி. நாய் வந்தப்ப கிளட்ச் மறந்தது தப்பில்ல, பிரேக் முதல்ல வந்துச்சே, அதான் வேணும். முதல் ரெண்டு மாசம் மழை நேரத்துல தனியா எடுக்காதீங்க.

மனசு படிக்கிறவள் (வியாழன், இரவு 9.30)

அக்கா, உங்க மாமியாரை என் ஆய்வுல சேர்த்துக்கலாமா?

புதுசு 1998 (சனி, இரவு 10.50)

எல்லாத்தையும் படிச்சேன், நன்றி. எனக்குத் திங்கட்கிழமை டெஸ்ட். ஒரு அசட்டுக் கேள்வி, கேக்கவே கூச்சமா இருக்கு. சீட்டை முன்னாடி இழுக்கறது எப்படி? 15 நாள் கிளாஸ் போனேன், ஒரு நாள்கூட யாரும் சொல்லிக் குடுக்கல.

நொய்யல்கரை (சனி, இரவு 11.05)

அசடெல்லாம் இல்லீங்க, எனக்கும் யாரும் சொல்லல. ரெண்டு முட்டிக்கும் நடுவுல, சீட்டுக்கு அடியில கையை விடுங்க. குறுக்கே ஒரு கம்பி இருக்கும். அதை மேல தூக்கிப் புடிச்சுட்டு, காலை ஊனி உடம்போட சேர்த்து முன்னாடி தள்ளுங்க. கம்பியை விட்டதும் முன்ன பின்ன ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க, “டக்”னு புடிக்கணும். புடிக்காம எடுத்தீங்கன்னா பிரேக் போடும்போது சீட்டு வழுக்கும். சில வண்டியில பக்கவாட்டுலயும் ஒரு லீவர் இருக்கும், அது முதுகு சாய்க்க, அதை இழுத்துடாதீங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஸ்கூல் திறந்திருந்தா போய் அந்த வண்டியிலயே நாலு தடவை இழுத்துப் பார்த்துட்டு வந்துருங்க.